சுண்டுவின் லாடம்

சார், சார்! அங்கனயே நில்லுங்க. அந்தக் கல்லத் தாண்டாதீங்க. ஷூவக் கழட்டணும். போர்டெல்லாம் கெடையாது சார், போர்டு எதுக்கு, நான்தான் உக்காந்திருக்கேன்ல. கழட்டி இந்தா இந்த வாகமரத்துக் கொப்புல தொங்கவிடுங்க. கையில தூக்கிட்டுப் போனாலும் சரி, கால்ல மட்டும் இருக்கக்கூடாது. தோகக்கரடு ஊருக்குள்ள எம்புட்டுப் பெரிய ஆபீசர் வந்தாலும் வெறுங்கால்தான். சாக்ஸும்தான் சார். பாதத்துக்கும் பூமிக்கும் நடுவுல எது இருந்தாலும் அது செருப்புத்தான். அது என் தீர்ப்பு. மேல போயி வீரணன் சொன்னதான்னு கேட்டுப் பாருங்க, எல்லாரும் சொல்லுவாய்ங்க. கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுவாய்ங்க, ஆனா சொல்லுவாய்ங்க.

உக்காருங்க. மழ மோடம் போட்டிருக்கு, இப்ப ஏறினா வழுக்குப்பாறையில கால் நிக்காது. ஒரு டீ குடிங்க. பிளாஸ்க்குல இருக்கு, நீங்களே ஊத்திக்கங்க, நான் எந்திரிச்சு வர நேரமாகும். கட என்னுது இல்ல, என் தங்கச்சி பவளத்தோட கட. அவ பின்னாடி குதிரக் கொட்டத்துல இருக்கா. டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதுல்ல? என்னத்தையோ தட்டிட்டு இருக்கா. நான் கேக்கல. அவளும் சொல்லல.

என்ன, என் காலப் பாக்குறீங்க. பாத்துட்டீங்கள்ல, கேட்டுருங்க. எங்க ஷூவக் கழட்டச் சொல்லிட்டு நீரு மட்டும் அடுப்புக்கல்லு கனத்துல பூட்ஸ மாட்டிட்டு உக்காந்திருக்கீரேன்னு வர்றவங்க எல்லாம் கேக்குறதுதான். நான் கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கேன் சார். ஒரு சாண் இந்தப் பக்கம். நல்லாப் பாத்துக்கங்க. ஊருக்குள்ள நான் இல்ல.

மேல மேளச் சத்தம் கேக்குதா? காதுகுத்து. பவளத்தோட மகளுக்கு. யாழினின்னு பேரு, வாயத் தொறந்தா மூடாது, என்னயப் பாத்தா பூட்ஸு மாமான்னுதான் கூப்பிடும். தாய்மாமன் மடியில உக்காத்தி வச்சுத்தான காது குத்தணும்? அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது ஒரே ஒரு தாய்மாமன். அது நான்தான். மேளம் மேல அடிக்குது, மடி இங்க உக்காந்திருக்கு.

தோடுகூட வாங்கி வச்சிட்டேன் சார், இந்தா இடுப்புல முடிஞ்சிருக்கேன். எப்படி வாங்கினேன்னு கேக்காதீங்க. எங்கிட்ட மூணு குதிர இருந்துச்சு, இப்ப ரெண்டுதான் இருக்கு. அம்புட்டுத்தான்.

ஏன் போகலன்னா, அது ஒரு நியாயம் சார். நியாயம்னு ஒண்ணு சொல்லிட்டா அதுல நிக்கணும்ல. நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க.

இந்த மலைக்கு ரோடு கெடையாது, இப்ப ஏறி வந்தீங்கள்ல, தெரிஞ்சிருக்கும். ரேசன் அரிசியில இருந்து சிமிட்டி மூட வரைக்கும் குதிர முதுகுலதான் மேல வரணும். காப்பிக்கொட்டை, எலுமிச்ச எல்லாம் குதிர முதுகுலதான் கீழ போகணும். குதிரன்னதும் ஊட்டியில போட்டோ எடுக்க நிக்குமே, அந்த ஒசரத்த நெனக்காதீங்க. எங்களுது மட்டக்குதிர. என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல நிக்கும். உருண்ட வயிறு, குட்டக்காலு, கண்ண மறைச்சுக்கிட்டுப் பிடரி மசுரு. மொத தடவ பாக்குறவன் சிரிக்காமப் போனதில்ல. ஆனா ஒரு மூட அரிசியக் கட்டி, மேல ஒரு சிலிண்டரையும் வச்சு விட்டீங்கன்னா மூச்சுக் காட்டாம ஏறும். கொள்ளு வச்சா கொள்ளத் தின்னும், கொள்ளு இல்லன்னா கொள்ளு வந்த சாக்கத் தின்னும். மழைக்கு ஒதுங்காது, காச்சல்னு படுக்காது.

குத்தம் சொல்லணும்னா ஒண்ணுதான், காலு. பாறையிலயே நடந்து நடந்து குளம்பு தேஞ்சு போகும். ஒரு நா ஏறி எறங்கினா மறுநா நிறுத்திப் போடணும். எங்கய்யா காலத்துல இருந்து அப்படித்தான். லாடம் அடிச்சா என்னன்னு யாருக்கும் தோணல. செருப்பே போடாத ஊர்க்காரனுக்கு குதிரைக்குச் செருப்பு போடவா தோணும்?

என்னுது மூணும் அப்ப ராசா, மந்திரி, தளபதி. ஊருக்கு வர்ற பொதி பூராம் என்னுதுதான். போட்டிக்கு ஒருத்தன் கெடையாது. ஒரு நா விட்டு ஒரு நா அரிசி வரும், இல்லன்னா வராது. வராத அன்னைக்கு ஊரு என்ன செய்யும்? காத்திருக்கும். மரியாதையாக் காத்திருக்கும் சார். "வீரணே, நாளைக்காச்சும் வருமாய்யா?"ன்னு வாசல்ல வந்து நின்னு கேப்பாய்ங்க. அந்த மரியாத இருக்கே, அது வேற.

அந்த நேரத்துலதான் பவளம் கைப்பிள்ளையோட வந்து எறங்குறா. மாப்ள திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவன், போனவன்தான். நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரன் இல்ல சார். சோறு போட்டேன். அவ என்ன கேட்டா தெரியுமா? "அண்ணே, ஒரு குதிரைய எங்கிட்டக் குடு, நான் ஓட்டுறேன்"னா. பொம்பள குதிர ஓட்டுறதான்னு கேட்டேன். கேக்கத்தான செய்வேன். மறு வாரம் பாத்தா அவ காதுல கெடந்த தோட்டக் காணோம், வாசல்ல ஒரு குதிர நிக்கிது.

குதிரன்னு சொல்றேன், அது குதிரையே இல்ல சார். மட்டத்துலயும் மட்டம். மண்ணு நெறம். என் தளபதி பக்கத்துல நிறுத்தினா அது பெத்துப் போட்ட மாதிரி இருக்கும். நான்தான் சுண்டெலின்னு பேரு வச்சேன், கேலிக்கு. அவ அத சுண்டுன்னு சுருக்கி செல்லமாக் கூப்பிட ஆரம்பிச்சிட்டா. ரோசமே கெடையாது அவளுக்கு. சாதுக் குதிர, அத மட்டும் சொல்லணும். பொறந்ததுல இருந்து ஒருத்தர ஒதச்சதில்ல. பச்சப்பிள்ள வால் புடிச்சு இழுத்தாலும் சும்மா நிக்கும்.

அவ என்ன பண்ணினா, பெரியகுளத்துல மாட்டுக்கு லாடம் அடிக்கிறவருகிட்ட கூட்டிட்டுப் போயி, அதுக்குன்னு சின்னதா இரும்பு செய்யச் சொல்லி நாலு காலுக்கும் அடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா. அம்புட்டுத்தான் சார். நேத்து ஏறின குதிர இன்னைக்கும் ஏறுது. இன்னைக்கு ஏறினது நாளைக்கும் ஏறுது. டக்கு டக்கு டக்கு டக்குன்னு விடிஞ்சா போதும், அந்தச் சத்தம்தான். ஊருல தெனமும் அரிசி, தெனமும் சிலிண்டரு. என் வாசல்ல ஒருத்தனும் வந்து நிக்கிறதில்ல. எனக்குப் பொறாமன்னு நெனக்காதீங்க. எனக்கு நெஞ்சு பதறினது சாமிய நெனச்சுத்தான்.

கல்லுக்கு மேல பூராம் சாமி மண்ணு, கால்ல ஒண்ணும் போடக்கூடாதுன்னு ஊரே வெறுங்காலா நடக்குது. இவ குதிர மட்டும் இரும்பு மாட்டிட்டுக் கோயில் வாசல் வழியாப் போகுது. எம்புட்டுப் பெரிய தப்பு! அதுக்கப்புறந்தான் பாத்தேன், பலாவுல பிஞ்சு உதிருது. நாய் காரணமில்லாம ஊளையிடுது. என் சம்சாரம் மாயக்கா, "அது எல்லா வருசமும்தான உதிருது"ங்கிறா. அவளுக்கு இந்த விசயமெல்லாம் புரியாது.

ஊர்க்கூட்டம் போடச் சொன்னேன். சன்னாசி மாமன்தான் ஊர்த்தலைவர், நல்ல மனுசன், சத்தமாப் பேசினா ஒத்துக்கிருவாரு. நான் எந்திரிச்சேன். அன்னைக்கு நான் பேசின பேச்சு இருக்கே சார், நீங்க கேட்டிருக்கணும். மாயக்கா பொம்பளைக பக்கம் இருந்து கேக்குறா, "கால்ல மெட்டி போட்டிருக்கோம், அதையும் கழட்டவா?"ன்னு. நான் விடல. "மெட்டி வெரலுக்கு மேல இருக்கு. பாதத்துக்கும் பூமிக்கும் நடுவுல எது இருக்கோ அதுதான் செருப்பு"ன்னேன். "அப்ப சாணிய மிதிச்சா?"ன்னு ஒருத்தன் கேட்டான், அவனையெல்லாம் கணக்குல எடுத்துக்கல.

பவளம் எந்திரிச்சா. "அண்ணே, மனுசன் செருப்புன்னா கழட்டி வச்சிட்டு வரலாம். இது ஆணி அடிச்சது, தெனமும் கழட்ட முடியாது. கழட்டினா குளம்பு பிஞ்சுரும்"னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்படியே வாயில வந்துச்சு சார், யாரும் எழுதிக் குடுக்கல. "கழட்ட முடிஞ்சவுக கழட்டிட்டு வரட்டும். கழட்ட முடியாதவுக கல்லுக்கு வெளியவே இருக்கட்டும்"னேன். தீர்ப்பு ஆயிருச்சு. சன்னாசி மாமனே, "வீரணன் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்"னாரு.

அவ அழல. சண்டைக்கும் வரல. மறுநாளே இந்தக் கல்லுகிட்ட நாலு கம்ப நட்டுக் கூர போட்டுட்டா. பொதிய இங்க எறக்கி வப்பா, ஊர்க்காரங்க வந்து தலையில தூக்கிட்டுப் போவாய்ங்க. கூப்பிடு தூரம்தான, என்ன இப்ப? சிலிண்டரத் தூக்கும்போது எல்லாருமே என் பேரச் சொல்லித்தான் தூக்குவாய்ங்களாம். பொதி எறங்குற எடத்துல டீ, டீக்கு வடை, பெறகு சோப்பு, தீப்பெட்டின்னு இது கடையா ஆயிப்போச்சு. பாருங்க, யாரால? என்னாலதான. அந்த நன்றி இருக்கான்னு கேளுங்க.

டொக்குச் சத்தம் நின்னுருச்சு பாத்தீங்களா? ம்... இந்தா, மறுபடி கேக்குது. பட்டுச்சேல கட்டிட்டு மேல பந்தல்ல நிக்க வேண்டியவ, காலையில இருந்து குதிரகிட்ட என்ன வேலன்னு தெரியல.

பெறகு ஐப்பசி மழை. நானும் தெனமும் ஓட்டினேன் சார். அவ ஓட்டுறால்ல, நான் ஏன் ஓட்டக்கூடாது? மந்திரி நொண்டுச்சு, தளபதி நொண்டுச்சு. ராசாவ ஓட்டினேன். வழுக்குப்பாறையில அதுக்குக் குளம்பு வெடிச்சு முன்னங்கால் மடங்கிருச்சு. அது மேல இருந்த சிமிட்டி மூட என் காலுல. முழங்காலுக்குக் கீழ என்னுதே இல்லாத மாதிரிப் போச்சு. வலின்னா அப்படி ஒரு வலி சார், ஆத்தான்னு கத்திட்டேன்.

ஆம்பளைக பூராம் எஸ்டேட் வேலைக்குப் போயிட்டாய்ங்க. இருந்த கெழடுக நாலு பேரு டோலி கட்டினாய்ங்க. மழையில அந்தக் கெழடுகளால மல எறங்க முடியாது. கூப்பிட்டா கேக்குற தூரத்துல சுண்டு நிக்கிது. பவளம் கல்லுகிட்ட நின்னு கத்துறா, "மாமா, உள்ள கூட்டிட்டு வரவா? ஒரே ஒரு தடவ!"ன்னு. சன்னாசி மாமன் என்னயப் பாக்குறாரு. எல்லாரும் என்னயப் பாக்குறாய்ங்க. வலியில கெடக்குற மனுசன்கிட்ட என்னத்தக் கேக்குறது? நான் ஒண்ணும் சொல்லல. சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. கெழடுக டோலியத் தூக்கிட்டு விழுந்து எந்திரிச்சு கல்லு வரைக்கும் கொண்டாந்து போட்டாய்ங்க. அங்க இருந்து சுண்டு மேலதான் கீழ போனேன்.

வழி பூராம் அந்தக் குதிர ஒரு எடத்துல தடுமாறல. பவளம் ஒரு கையில கயித்தையும் இன்னொரு கையில என் இடுப்பையும் பிடிச்சிட்டு வந்தா. ஒரு வார்த்த பேசல, திமிரு. அப்பப்ப மூக்க மட்டும் உறிஞ்சிக்கிட்டே வந்தா. மழையில சளி பிடிச்சிருக்கும்.

ஆஸ்பத்திரியில காலுக்குள்ள இரும்புத் தகடு வச்சு ஆணி அடிச்சிட்டாங்க. ஆமா சார், ஆணிதான். சிரிக்காதீங்க. கால் கொஞ்சம் குட்டையாயிருச்சு, அதுக்குத்தான் இந்தப் பூட்ஸு. இது இல்லாம ஒரு எட்டுக்கூட வைக்கக்கூடாது, வச்சா மறுபடி ஒடிஞ்சிரும்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு.

வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிவிட்டேன். ஊரே இந்தக் கல்லுகிட்ட வந்து நிக்கிது. சன்னாசி மாமன் சொன்னாரு, "அது செருப்பு இல்லய்யா, வைத்தியம். பேசாம வா"ன்னு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார், பொய் சொல்லல. ஒரு காலத் தூக்கிட்டேன். அப்பத்தான் மாயக்கா, கட்டின பொண்டாட்டி, கூட்டத்துல இருந்து கேக்குறா: "அப்ப சுண்டுக்கு லாடமும் வைத்தியந்தான மாமா? அதுவும் உள்ள வரலாம்ல?"ன்னு.

எல்லாரும் என்னயப் பாக்குறாய்ங்க. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சது. ஆனா நான் அன்னைக்குப் பேசின பேச்சு என்னாகுறது? தூக்கின கால எறக்கினேன், இந்தப் பக்கமா. "செருப்பு செருப்புத்தான்"னேன். உக்காந்துட்டேன். அன்னைக்கு உக்காந்தவன்தான் சார், இன்னும் எந்திரிக்கல.

சாப்பாட்டுக்குக் குறையில்ல, பவளம்தான் போடுறா. உப்பு கொஞ்சம் தூக்கலாப் போடுவா. பின்னாடி கொட்டத்துல கட்டில் போட்டுக் குடுத்திருக்கா. நான் பாக்காத நேரமா ராசாவுக்கும் மந்திரிக்கும் லாடம் அடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா. இப்ப ரெண்டும் நொண்டுறதில்ல. நான் அதப் பத்திப் பேசுறதில்ல. மாயக்கா வாரத்துக்கு ஒருக்கா வருவா, கல்லுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். "வீட்டுல கூர ஒழுகுது, வர்றியா இல்லையா?"ம்பா. ராத்திரி இங்க இருந்து பாத்தா எங்க வீட்டு லைட்டு தெரியும் சார். அவ அத அணைக்கிற வரைக்கும் பாத்துட்டுத்தான் படுப்பேன்.

இன்னைக்கு டோலி கட்டித் தூக்கிட்டுப் போறோம்னு நாலு பயலுக வந்தாய்ங்க. போங்கடான்னுட்டேன். ஒரு தடவ போனது போதும். இன்னொரு தடவ சாகுற அன்னைக்குப் போயிக்கிறேன். காதுகுத்துக்கு வர்ற தாய்மாமன் தோரணையா வர வேணாமா? குதிர மேல போகலாம்தான், பூட்ஸக் கழட்டிக் கையில வச்சுக்கலாம். ஆனா இருக்கிற மூணு குதிரையும் லாடம் போட்டது. லாடத்தக் கழட்டுன்னு எந்த வாயால பவளத்துகிட்டக் கேக்குறது? கழட்டினா ஆணி போன ஓட்ட தூந்து குளம்பு வளர்ற வரைக்கும் பொதி ஏத்த முடியாது, அவ பொழப்பே படுத்துரும். நான் கேக்கல சார். கேக்கவும் மாட்டேன்.

மேளம் நின்னுருச்சே. எனக்காகத்தான் நிறுத்தியிருப்பாய்ங்க.

இந்தா வர்றா பாருங்க. பட்டுச்சேலைய இழுத்துச் சொருகிட்டு, கையில குறடோட. ஏத்தா, கையில என்ன ரத்தம்?

"ஒண்ணுமில்லண்ணே, ஆணி கிழிச்சிருச்சு. நாலும் கழட்டியாச்சு. ஏறு. அய்யரு வந்து உக்காந்திருக்காரு, பிள்ள பூட்ஸு மாமா எங்கன்னு அழுகுது."

சார், கேட்டீங்கள்ல. நான் கேக்கவே இல்ல. கேக்காமலே கழட்டிட்டா. அவ காதப் பாருங்க, இன்னமும் வேப்பங்குச்சிதான் சொருகியிருக்கு. அன்னைக்கு வித்த தோட்ட இன்னும் திருப்பி வாங்கல. எனக்கு என்னமோ பண்ணுது சார். இருங்க, மூக்க உறிஞ்சிக்கிறேன். மோடம் போட்டாலே எனக்குச் சளி பிடிச்சிரும்.

இருந்தாலும் பாத்துத்தான் ஏறணும். நியாயம் நியாயந்தான. கயித்தப் பிடி ஆத்தா. சுண்டு, காலக் குடு. இந்தா, இதுல இல்ல. பாருங்க சார், ஆணி இருந்த ஓட்டை. பாவம். இதுலயும் இல்ல. அங்கிட்டு... இதுலயும் இல்ல. மூணு பாத்தாச்சு.

நாலாவது அந்தப் பக்கம் பின்னங்கால். பவளம், என்ன மரத்தப் பாக்குற? மரத்துல என்ன இருக்கு?

வேணாம் சார், நீங்க குனியாதீங்க. நீங்க பாக்க வேணாம். குதிர ஒதைக்கும். ஒதைக்காதுன்னா சொன்னேன்? அது பழகின ஆளுக்கு. புது ஆளக் கண்டா ஒதைக்கும். மூணு பாத்தா நாலு பாத்த மாதிரிதான். அவ சொல்லிட்டால்ல நாலும் கழட்டியாச்சுன்னு. என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா.

இந்தப் பூட்ஸக் கொஞ்சம் பிடிங்க சார், கனமாத்தான் இருக்கும். தோளக் குடு பவளம். ஆங்... உக்காந்தாச்சு. துண்ட எடுத்துத் தலையில கட்டிக்கிறேன். ஹை, சுண்டு. போ. கல்லத் தாண்டு.

தாண்டிருச்சு சார். தாண்டிட்டேன்.

டக்குன்னு ஒரு சத்தமா? அது... அது ஒண்ணும் இல்ல சார். பாறையில கூழாங்கல்லு உருண்டிருக்கும். மறுபடியும் உருளுது. மழை பேஞ்ச பாறையில அப்படித்தான், நாலு எட்டுக்கு ஒருக்கா உருளும். இந்தா பந்தல் தெரியுது, வாசல்ல மஞ்சச் சேலையில நிக்கிறது மாயக்கா. அவ காதுக்கு எறும்பு நடந்தாலும் கேக்கும். சும்மா வராதீங்க சார், ஏதாச்சும் பேசிட்டு வாங்க. உங்களுக்கு எந்த ஊரு? கேக்கல சார். சத்தமாச் சொல்லுங்க. இன்னுஞ் சத்தமா!